தலையைச் சுற்றி நிற்கும் நீரில் இரும்புத் துகள் எதற்கு?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பல வருடங்களாகக் கை நடுக்கம். பார்க்கின்சன் இல்லை, எசென்ஷியல் ட்ரெமர் என்று நரம்பியல் நிபுணர் சொல்லியிருக்கிறார். தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை, வங்கியில் கையெழுத்து ஒத்துப்போவதில்லை. கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து, மண்டையைத் திறக்காமல், ஒலி அலையால் செய்யும் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாமா என்று யோசிக்கிறார்கள். இதற்கிடையில், தலையைச் சுற்றி நிரப்பும் நீரில் நனோ துணிக்கை கலக்கும் புதிய முறை வருவதாக எங்கோ வாசித்திருக்கிறார். அவருடைய கேள்விகள் இரண்டு. அந்தத் துணிக்கை மூளைக்குள் போகுமா? அது வரும்வரை காத்திருப்பது நல்லதா?

இரண்டு கேள்விக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான்: துணிக்கை மூளைக்குள் போகாது, காத்திருக்கவும் தேவையில்லை. அந்தத் துணிக்கை மூளைக்காகச் சேர்க்கப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து நீரை மறைப்பதற்காக நீரிலேயே கிடக்கும் பொருள் அது. உங்கள் அப்பாவின் நடுக்கம் எவ்வளவு குறையும் என்பதை அதைவிடப் பெரிய விடயங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்தச் சிகிச்சையில் யாரும் பேசாத பாத்திரம் நீர்தான். மருத்துவ இயற்பியல் படிக்க வருகிற பிள்ளைகள்கூட ஒலி அலையையும் காந்தத்தையும் கேட்பார்களே தவிர, இடையில் இருக்கும் நீரைப் பற்றிக் கேட்பதில்லை.

முதலில் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நோயாளியின் தலையை முழுதாக மழிப்பார்கள். ஒரு முடிகூட இருக்கக்கூடாது, ஏனென்றால் முடியின் அடியில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். (ஊருக்குக் கதிர்காமத்தில் மொட்டை போட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். பெண் நோயாளருக்குத்தான் இது பெரிய துன்பம்.) தலையில் நான்கு திருகுகளால் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள், தோலை மரக்கச் செய்துவிட்டுத்தான். நெற்றியைச் சுற்றி சிலிக்கோன் சவ்வு ஒன்றை இறுக்கமாக மாட்டுவார்கள். பிறகு தலை ஒரு அரைக்கோளக் கவசத்துக்குள் போகும். அதன் விட்டம் ஏறத்தாழ 30 சென்றிமீற்றர். உள்பக்கம் முழுவதும் 1024 சிறு ஒலிமூலங்கள். இன்சைட்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் கருவி இது. இதைக் கொண்டு எசென்ஷியல் ட்ரெமருக்குச் சிகிச்சையளிக்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2016ஆம் ஆண்டு அனுமதி கொடுத்தது.

கவசத்துக்கும் தலைக்கும் இடையிலுள்ள வெளியில் குளிர்ந்த நீர் நிரப்பப்படும். 30 சென்றிமீற்றர் விட்டமுள்ள அரைக்கோளம் என்றால் கணக்கில் 7 லீற்றர் கொள்ளும். தலை பிடிக்கும் இடத்தைக் கழித்தால் மீதியெல்லாம் நீர்.

ஒலிமூலங்கள் 650 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் அதிரும்போது 1024 கதிர்கள் மண்டையோட்டைக் கடந்து, மூளையின் ஆழத்திலுள்ள தலமஸ் என்ற பகுதியில் விஐஎம் எனப்படும் சிறு நரம்புக் கருவில் ஒன்றுகூடும். வழியில் எந்தக் கதிரும் தனியாகத் தீங்கு செய்யும் அளவுக்குப் பலமில்லை. கூடுகிற புள்ளியில் மட்டும் வெப்பம் ஏறும். முதலில் திசுவுக்கு நிரந்தரச் சேதம் வராத அளவுக்கு மட்டும் சூடாக்கி, "கையை நீட்டுங்கள், இந்தச் சுருளை வரையுங்கள்" என்று கேட்பார்கள். நோயாளி முழு விழிப்போடுதான் இருக்கிறார். நடுக்கம் தணிகிறதா, நாக்குத் தடுமாறுகிறதா, விரல் விறைக்கிறதா என்று பார்த்து, தேவையானால் குவியத்தை மில்லிமீற்றர் கணக்கில் நகர்த்துவார்கள். சரியான இடம் என்று உறுதியான பிறகுதான் 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஏற்றி அந்தச் சிறு பகுதியை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் ஒலி பாய்வது சில பத்துச் செக்கன்கள்தான். மீதி நேரமெல்லாம் பரிசோதிப்பதிலும் காத்திருப்பதிலும் போகும்.

இதில் நீருக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. காற்றிலிருந்து உடம்புக்குள் ஒலி நுழைய முயன்றால் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பிப் போய்விடும். கர்ப்பிணித் தாய்க்கு ஸ்கேன் செய்யும்போது வயிற்றில் ஜெல் பூசுவது இதனால்தான். நீரிலும் மென்திசுவிலும் ஒலியின் வேகம் ஏறத்தாழ ஒரே அளவு, செக்கனுக்கு 1500 மீற்றர். ஆகவே நீரிலிருந்து தோலுக்குள் அது தயக்கமின்றிப் போகிறது. மற்றது, குளிர்விப்பது. மண்டையோடு ஒலியை நன்றாக உறிஞ்சிச் சூடாகும். நீரை 15 முதல் 20 பாகை அளவில் வைத்துச் சுழற்றாவிட்டால், மூளைக்குள் ஒரு புள்ளியைச் சுடுவதற்கு முன்பு தலைத்தோல் வெந்துவிடும்.

அந்த நீரில் கரைந்த வாயு இருக்கக்கூடாது. அம்பத்தலைச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நம் வீட்டுக் குழாய்க்கு வரும் நீரில், கொழும்பின் வெப்பநிலைக்கு, லீற்றருக்கு 8 மில்லிகிராம் வரை ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். அடுப்பில் வைத்த கேத்தல் கொதிக்குமுன் உள்சுவரில் முத்து முத்தாகக் குமிழி ஒட்டுகிறதே, அது இந்த வாயுதான். பலமான ஒலி அலை நீரை அழுத்தியும் இழுத்தும் போகும். இழுக்கும் அரைச் சுழற்சியில் இதே குமிழிகள் சூடில்லாமலே பிறக்கும். குமிழி ஒலியைச் சிதறடிக்கும். தோலுக்கு அருகில் வெடித்தால் தோலைப் புண்ணாக்கும். ஆகவே வெற்றிட முறையில் வாயுவை உறிஞ்சி, கரைந்த ஒட்சிசனை லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் நீரைப் பயன்படுத்துகிறார்கள்.

இதுவரை நீர் நல்ல பிள்ளை. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கத் தொடங்கியதும்தான் அது குழப்படி செய்கிறது.

எம்.ஆர்.ஐ. என்பது உடம்பிலுள்ள ஐதரசன் அணுக்கருக்களிடமிருந்து, பெரும்பாலும் நீரிலுள்ள ஐதரசனிடமிருந்து, சமிக்ஞை வாங்கும் கருவி. அதற்குள் தலையைச் சுற்றி லீற்றர் கணக்கில் சுத்தமான நீரை வைத்தால், படத்தில் பெரிதாகவும் பிரகாசமாகவும் தெரிவது மூளை இல்லை, நீர்தான். இதனால் வரும் தொல்லைகளில் முதலாவது மடிப்பு. தலைக்கு மட்டும் போதுமான சட்டகத்தில் படம் எடுத்தால், சட்டகத்துக்கு வெளியே நிற்கும் நீரின் சமிக்ஞை எதிர்ப்பக்கமாக மடிந்து மூளையின் மேல் வந்து விழும். அதைத் தவிர்க்கச் சட்டகத்தைப் பெரிதாக்கினால் படம் மெதுவாகும், அல்லது கரடுமுரடாகும். மெதுவான படம் இங்கே உதவாது, ஏனென்றால் சில செக்கன்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்தாக வேண்டும்.

வெப்பநிலையைப் பார்க்கும் விதம்தான் இந்தச் சிகிச்சையின் அழகான பகுதி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நீரிலுள்ள ஐதரசன் 3 டெஸ்லா காந்தப்புலத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 12.8 கோடி தடவை சுழல்கிறது. வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் அந்தச் சுழற்சி பத்துக் கோடியில் ஒரு பங்கு குறைகிறது. அதாவது 1.28 ஹேர்ட்ஸ். படம் எடுக்கும்போது 10 மில்லிசெக்கன் காத்திருந்து சமிக்ஞையை வாசித்தால், ஒரு பாகை வெப்பத்துக்கு அலையின் கட்டம் (தன் சுழற்சியில் அது நிற்கும் இடம்) வட்டத்தின் 360 பாகையில் நாலரைப் பாகை அளவே விலகியிருக்கும். சூடாக்குவதற்கு முன் எடுத்த படத்தின் கட்டத்தை, சூடாக்கும்போது எடுத்த படத்தின் கட்டத்திலிருந்து கழித்துத்தான் "இந்தப் புள்ளி இப்போது 54 பாகை" என்று திரையில் எழுதுகிறது இயந்திரம்.

இவ்வளவு நுட்பமான கழித்தலுக்கு நடுவில் நீர் அசைந்தால் என்ன ஆகும்? ஓடும் நீரின் சமிக்ஞை ஒரு படத்தில் ஒரு மாதிரியும் அடுத்த படத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அந்த வேறுபாடு படத்தின் குறுக்கே பேய்க்கோடுகளாகப் பரவும். கோடு மூளையின் மேல் விழுந்த இடத்தில் இயந்திரம் இல்லாத வெப்பத்தைக் காட்டும், இருக்கும் வெப்பத்தைக் குறைத்தும் காட்டும். ஆகவே ஒலி பாயும்போது நீரின் சுழற்சியை நிறுத்திவைக்கிறார்கள். மண்டையோடு அதிகமாகச் சூடாகும் அதே நேரத்தில் குளிர்விப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிறகு சுழற்சியைத் திரும்பவும் தொடங்கி, மண்டையோடு ஆறும்வரை நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிகிச்சை மணிக்கணக்கில் இழுபடுவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

நனோ துணிக்கை நுழைவது இந்த இடத்தில்.

படத்துக்கு நீர் தெரியக்கூடாது, ஒலிக்கு நீர் நீராகவே இருக்க வேண்டும். இதுதான் தேவை. மக்னடைட் என்ற இரும்பு ஒட்சைட்டை 10 நனோமீற்றர் அளவுள்ள துணிக்கைகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் இது நடக்கும். (மக்னடைட் அபூர்வப் பொருள் இல்லை. சிலாபத்துக்கு அருகே பனிரெந்தாவையில் நிலத்துக்கடியில் அதன் படிவே இருக்கிறது. அபூர்வம் அதை ஒரே அளவான நனோ துணிக்கையாக்குவது.) ஸ்கானரின் புலத்தில் ஒவ்வொரு துணிக்கையும் ஒரு குட்டிக் காந்தமாகி, தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் கோணலாக்கும். பக்கத்தில் அலையும் நீர் மூலக்கூறுகளின் ஐதரசன்கள் ஒவ்வொன்றும் சற்று வேறான வேகத்தில் சுழன்று, ஒன்றோடொன்று தாளம் தப்பிப்போகும். தாளம் தப்பினால் மொத்தச் சமிக்ஞை அழிந்துவிடும். இந்த அழிவுக்கு எடுக்கும் காலத்தை ரீ-2 என்பார்கள். சுத்தமான நீரில் அது இரண்டு செக்கனுக்கு மேல்.

எவ்வளவு துணிக்கை தேவை என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவ்வகைத் துணிக்கைகளின் திறன் அளவுக்கும் பூச்சுக்கும் ஏற்ப மாறும். இடைப்பட்ட ஒரு மதிப்பை எடுத்துக்கொள்கிறேன். லீற்றருக்கு 280 மில்லிகிராம் இரும்பு இருந்தால் ரீ-2 இரண்டு மில்லிசெக்கனுக்கு இறங்கும். 10 மில்லிசெக்கன் கழித்து வாசிக்கும்போது நீரின் சமிக்ஞையில் எஞ்சுவது ஒரு சதவீதத்திலும் குறைவு. படத்தில் நீர் இருந்த இடம் கறுப்பு. மடிப்பதற்கு ஒன்றுமில்லை, பேய்க்கோடு போடுவதற்கும் ஒன்றுமில்லை. சட்டகத்தைத் தலைக்கு மட்டும் சுருக்கலாம், வேகமாகப் படம் எடுக்கலாம், ஒலி பாயும்போதும் நீரைச் சுழலவிடலாம். கவசம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு கிராம் இரும்புகூட வேண்டாம். உங்கள் அப்பாவின் உடம்பில் ஏற்கெனவே மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கிறது.

ஒலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் துணிக்கை கண்ணுக்கே படாது. 650 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 2.3 மில்லிமீற்றர். துணிக்கை அதைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. அது ஒலியைச் சிதறடிக்க முடியாது. எடையில் பத்தாயிரத்தில் நாலு பங்கு மட்டும் கலந்திருப்பதால் ஒலியின் வேகத்தையும் குறிப்பிடும்படி மாற்றாது. இந்த எண்ணத்தைச் சோதித்து, வர்ஜீனியா பல்கலைக்கழகம், வர்ஜீனியா டெக் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் நடந்த வேலை அது, நோயாளிகளில் நடந்ததல்ல.

நனோ துணிக்கைதான் ஒரே வழியா என்றால், இல்லை. கனநீர் ஊற்றலாம், அதில் ஐதரசனுக்குப் பதில் டியூற்றீரியம் இருப்பதால் ஸ்கானருக்குத் தெரியாது. ஆனால் லீற்றர் கணக்கில் கனநீர் வாங்குவது வைத்தியசாலைக் கணக்காளரின் நித்திரையைக் கெடுக்கும். ஐதரசனே இல்லாத புளோரோகாபன் திரவங்களில் ஒலி நீரில் போவதில் பாதி வேகத்தில்தான் போகும். வேகம் இப்படி மாறினால் தலைத்தோலின் வளைவே ஒரு வில்லையாகி, குவியத்தை வேறெங்காவது கொண்டுபோகும். வாயுவைக் கரைத்துவைப்பதிலும் அது நீரைவிடப் பேராசைக்காரத் திரவம். கடோலினியம், நாம் அறிந்த எம்.ஆர்.ஐ. ஊசி மருந்து, கொஞ்சமாகக் கலந்தால் நீரை இன்னும் பிரகாசமாக்கும். இருட்டாக்க வேண்டுமானால் இரும்புத் துணிக்கையைவிடப் பலமடங்கு கொட்ட வேண்டும். மங்கனீசு குளோரைட்டு மலிவு, வேலையும் செய்யும். ஆனால் மங்கனீசு அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால் பார்க்கின்சன் போன்ற நோயே வரும் என்பது வெல்டிங், சுரங்கத் தொழிலாளரிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். நடுக்கத்துக்குச் சிகிச்சை செய்யும் அறையில் அதை வாளி வாளியாக வைத்திருக்க எனக்கு மனம் வராது.

இரும்பு ஒட்சைட்டுக்கு இந்த விடயத்தில் நல்ல பெயர். பெரூமொக்சிடோல் என்ற இரும்பு ஒட்சைட் நனோ துணிக்கை மருந்தை, சிறுநீரக நோயோடு வரும் இரத்தச்சோகைக்கு நரம்பு வழியாகவே செலுத்த எப்.டி.ஏ. 2009இல் அனுமதித்தது. கடும் ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கையும் அதற்கு உண்டு. அது இரத்தத்தில் ஏற்றுவதற்கான எச்சரிக்கை. தலையைச் சுற்றி ஊற்றும் திரவம் இரத்தத்துக்குப் போவதில்லை. தோலுக்கு வெளியே நின்று, சிகிச்சை முடிந்ததும் வடித்துவிடப்படுகிறது. கிழிவில்லாத தோலையும் மண்டையோட்டையும் தாண்டி அது மூளைக்குள் போகும் என்று பயப்படத் தேவையில்லை. சவ்வு கசிந்து, திருகுகள் தோலைத் துளைத்த இடத்தில் பட்டால் என்ன செய்வது என்பது கருவியை வடிவமைப்பவர்கள் யோசிக்க வேண்டிய நியாயமான கேள்வி. அதுவும் காயத்தைக் கழுவும் அளவுக்கான கேள்விதான்.

உங்கள் பயத்துக்கு ஒரு காரணம் தெரிகிறது. குவி மீயொலியோடு, அதாவது ஒலியை ஒரு புள்ளியில் குவிக்கும் இந்த முறையோடு, சேர்ந்து இன்னொரு ஆராய்ச்சியும் நடக்கிறது. இரத்தத்தில் நுண்குமிழிகளை ஏற்றி, மெல்லிய ஒலியால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைச் சில மணிநேரம் திறந்து மருந்தை உள்ளே விடுவது. அங்கே நனோ துணிக்கை மருந்தைச் சுமக்கும் வண்டியாக வருவதுண்டு. மூளைக்குள் போவதுதான் அதன் நோக்கமே. அல்சைமர், மூளைக் கட்டி ஆகியவற்றுக்காக நடக்கும் சோதனைகள் அவை. இணையத்தில் இரண்டும் ஒரே சொல்லோடு வருவதால் வாசிப்பவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இப்படியெல்லாம் நல்லதென்றால் ஏன் எல்லா வைத்தியசாலையிலும் இது இல்லை? இங்கே நான் சற்றுச் சந்தேகக்காரன். 10 நனோமீற்றர் துணிக்கை தனியாக மிதக்கும்வரைதான் மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லும். துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கினால் அடியில் படியும், ஸ்கானரின் வாயில் காந்தப்புலம் வேகமாக மாறும் இடத்தில் இழுபடும், ஓரிடம் அடர்த்தியாகவும் ஓரிடம் ஐதாகவும் போகும். திரளாமல் வைத்திருப்பது துணிக்கையின் மேலுள்ள பூச்சுத்தான். குழாய் நீரிலுள்ள உப்பு, வெப்பநிலை மாற்றம், மாதக்கணக்கான சேமிப்பு எல்லாவற்றையும் அந்தப் பூச்சுத் தாங்க வேண்டும். தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு எங்காவது இருந்தால் அங்கே வாயு பதுங்கும். வாயு பதுங்கினால் குமிழிக்கு விதை போட்டதாகிவிடும். நீரிலிருந்து வாயுவை நீக்கப் பட்ட பாடு வீண். வாயு நீக்கும் கருவியின் நுண்ணிய சவ்வுகளைத் துணிக்கை அடைத்துக்கொள்ளவும் கூடும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய கரும்பழுப்புத் திரவத்தை அடுத்தவருக்கு எப்படிச் சுத்தம் செய்வது, குழாய்களை எதைக்கொண்டு கழுவுவது என்ற சாதாரணக் கேள்விகளும் இருக்கின்றன. நல்ல கண்டுபிடிப்புகள் பல, பொறியியல் வரைபடத்தில் வென்று கழுவுதொட்டியில் தோற்றிருக்கின்றன.

காந்தப்புலத்தின் கதை சுவாரசியமானது. தலைக்கு வெளியே காந்தத் துணிக்கை மிதந்தால் உள்ளே புலம் கோணாதா என்று யாரும் கேட்பார்கள். நான் மேலே எடுத்த செறிவுக்குக் கணக்குப் போட்டால், 3 டெஸ்லாவில் அந்தத் திரவத்தின் காந்தவியல்பு ஏறத்தாழக் காற்றினுடையதுக்குக் கிட்ட வந்து நிற்கிறது. சுத்தமான நீர் மூளைத் திசுவைப் போன்றது. துணிக்கை கலந்த நீர் காற்றைப் போன்றது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் எல்லோருடைய தலையும் காற்றுக்குள்தானே இருக்கிறது? ஆகவே கலவை சீராக இருந்தால் அது சமாளிக்கக்கூடிய விடயம். சீராக இல்லாவிட்டால், அல்லது ஒலி பாயும்போது செறிவு அங்குமிங்கும் மாறினால், நாலரைப் பாகைக் கட்டத்தை நம்பி வெப்பநிலை வாசிக்கும் முறைக்கு அது பொறுக்காது.

இன்னொரு குறை இருக்கிறது. இதைத் துணிக்கையால் தொடவே முடியாது. நீர் மின்புலத்தை வலுவாக மாற்றும் பொருள். ஸ்கானர் அனுப்பும் வானொலி அலை காற்றில் 2.3 மீற்றர் நீளமானது, நீருக்குள் 26 சென்றிமீற்றராகச் சுருங்குகிறது. கவசத்தின் விட்டமோ 30 சென்றிமீற்றர். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால் அலை கவசத்துக்குள் எதிரொலித்து, மூளைப் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகளை விழுத்துகிறது. இரும்புத் துணிக்கை நீரின் சமிக்ஞையை அழித்தாலும் நீரின் இந்த இயல்பு அப்படியே இருக்கும். தலைக்கு நெருக்கமாக வைக்கும் வானொலிச் சுருள்களுக்குக் கவசத்தில் இடமில்லாததும் படத்தின் தரத்தைக் கெடுக்கிறது. அந்தப் பிரச்சினைகளை வேறு ஆட்கள், வேறு வழிகளில் பார்க்கிறார்கள். எனவே "நனோ திரவம் வந்தால் படம் துல்லியமாகிவிடும்" என்று எங்காவது வாசித்தால் பாதியை நம்புங்கள்.

ஹோமாகமையில் இருக்கும் நம் நனோ தொழில்நுட்ப நிறுவனம் யூரியாவை மெதுவாக வெளிவிடும் நனோ உரம் செய்து உலகக் கவனத்தை ஈர்த்தது. பூச்சுப் போட்ட துணிக்கையை நீரில் நிலைநிறுத்தும் கலை இங்கே தெரியாததல்ல. பல கோடி ரூபாய்க் கவசம் செய்ய நம்மால் முடியாது. அதற்குள் ஊற்றும் திரவத்தை ஆராய நம் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுக்கு முடியும். முதுமாணி ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் யோசிக்கட்டும்.

இனி அப்பாவின் விடயம். இன்று வழக்கமான சிகிச்சையில் ஊற்றப்படுவது வாயு நீக்கிய குளிர்ந்த நீர்தான். 2016ஆம் ஆண்டு வெளியான முக்கியமான பரிசோதனையும் அந்த நீரில்தான் நடந்தது. அதில் 76 நோயாளர். 56 பேருக்கு உண்மையான சிகிச்சை, 20 பேருக்குப் போலிச் சிகிச்சை. மூன்று மாதத்தில் கை நடுக்கத்தின் அளவு, உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 47 சதவீதம் குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அசையவே இல்லை. பக்கவிளைவுகளையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். மரத்துப்போதல் அல்லது கூச்சம் 38 சதவீதமானோருக்கு, நடையில் தள்ளாட்டம் 36 சதவீதமானோருக்கு. ஒரு வருடத்தின் பின்னும் முறையே 14, 9 சதவீதமானோருக்கு அவை நீடித்தன. நனோ துணிக்கை இந்த எண்களை மாற்றும் என்று காட்ட இன்று எந்த ஆதாரமும் இல்லை. காத்திருக்கும் வருடத்தில் அப்பாவுக்கு வயது ஒன்று கூடும், அவ்வளவுதான்.

புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை வேறு. புரப்பனலோல், பிரிமிடோன் ஆகிய இரண்டு மருந்துகளையும் போதிய அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? ஆஸ்துமாவோ இதயத்துடிப்புக் குறைவோ உள்ளவருக்குப் புரப்பனலோல் ஆகாது என்பதால் பலர் ஒரு மருந்தோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்தது மண்டையோடு. சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்பின் உள்பஞ்சுப் பகுதிக்கும் வெளி ஓட்டுக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தைக் கணிப்பார்கள். அது 0.4க்குக் கீழே இருந்தால் ஒலி உள்ளே போய்ச் சேருவது கடினம். எலும்பு சூடாகும், குவியம் சூடாகாது. இந்த ஒரு எண் அப்பாவின் காரியத்தில் எந்தத் திரவத்தையும்விடப் பெரியது. சி.டி.யைக் கொழும்பிலேயே எடுத்து, படக்கோப்பை முன்கூட்டியே அனுப்பிக் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். விமான டிக்கெட் வாங்கிய பிறகு "மண்டையோடு பொருந்தாது" என்று கேட்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. பொருந்தாவிட்டால் மூளைக்குள் மின்முனை வைக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது. அதன் நல்லது கெட்டதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோயாளி மூன்று நான்கு மணிநேரம், தலை அசையாமல், குளிர்ந்த நீர் சூழ மல்லாந்து கிடக்க வேண்டியிருக்கலாம். முதுகுவலியும் சிறுநீர்த் தொல்லையும் உள்ள வயதில் அது லேசான விடயமில்லை. சாதாரண எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அரைமணிநேரம் பொறுமையாக இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்தால் அதை எப்போது நிறுத்துவது என்று இதய வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, இந்தியாவில் யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்று. பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்பார்கள், செயற்கை மூட்டு உண்டா என்று கேட்பார்கள். உங்கள் குடும்பம் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இருந்திருந்தால், அப்பாவின் உடம்பில் எங்காவது ஷெல் துண்டு தங்கியிருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள். பழைய தழும்பு இருந்தால் அந்த இடத்துக்கு ஒரு எக்ஸ்-ரே எடுத்து, அதை முதல் நாளிலேயே ஸ்கேன் அறையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.